இடது பக்க அடுப்பு

திருவண்ணாமலை,
5-2-2001, திங்கள் இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் அறிவுமதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீங்கள் மஸ்கட்டில் சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் முதலில் எழுதிவிட வேண்டும் என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவதுதான் விஷயம்.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. பின்வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

நீங்கள் கோபப்படக் கூடாது. முன்னால் கட்டின புது வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

கோபப்பட்டிருப்பீர்கள். ஆனாலும் முழுவதும் படியுங்கள். நீங்கள் வந்து பால் காய்ச்சுகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் குடியேறக் கூடாது, அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று போன லீவில் சொல்லிவிட்டுப் போனீர்கள். அம்மா அதை மறக்கவில்லை. தினமும் முன்வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு, கதவைத் திறக்காமலேயே பின்பக்கம் வந்துவிடுவார்கள். எல்லாம் சித்தப்பாவால் வந்தது.

தீபாவளிக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை அல்லவா. அப்போதிலிருந்து கோதண்டராமன் சித்தப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தார். “கட்டின வீட்ட பூட்டி வச்சா கரையான்தான் குடிவரும் அண்ணி. நாங்க வந்து இருக்கோம். வீட்டையும் பாத்துக்கலாம், உங்களையும் பாத்துக்கலாம்” என்றார். மேஸ்திரியோடு நின்று கட்டியது அவர்தானாம். அதைப் பத்து தடவை சொன்னார். “அவரு வரட்டும் தம்பி” என்று அம்மாவும் பத்து தடவை சொன்னார்கள். பொங்கலுக்கு வந்தபோது கையில் டேப் கொண்டு வந்து பெரிய அறையின் சுவரை அளந்தார். எதற்கு என்று கேட்டேன். சின்னம்மாவின் பீரோ அங்கே நிற்குமா என்று பார்க்கிறாராம்.

அவர் பஸ் ஏறின அரை மணி நேரத்தில் அம்மா ஆட்டோ ராமதாஸ் அண்ணனைக் கூப்பிட்டு, வெள்ளைக்காரர்கள் யாராவது வீடு கேட்டால் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா சொன்ன காரணம் இதுதான்: “வெள்ளைக்காரங்க ரெண்டு மாசத்துல ஏரோப்ளேன் ஏறிடுவாங்க. உங்க சித்தப்பா ஏறுவாரா?” லாட்ஜில் தங்குவது மாதிரிதான், இது குடியேறுவதிலோ அடுப்பு மூட்டுவதிலோ சேர்த்தி இல்லை என்றும் சொன்னார்கள்.

பொங்கல் முடிந்த வாரமே வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார்கள். ஜெர்மனிக்காரர்கள். அந்த அம்மாள் பெயர் பிர்கிட், வீட்டுக்காரர் பெயர் ஊவே, ஆறு வயதில் லேனா என்று ஒரு பெண் குழந்தை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் தொட்டது எதுவும் முழுதாக இருப்பதில்லை அப்பா. எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இங்கிலீஷில் நாற்பத்திரண்டு மார்க். அதை வைத்துக்கொண்டு செப்டிக் டேங்கைப் பற்றி எப்படிப் பேசுவது?

பேச வேண்டி வந்தது. அவர்கள் தண்ணீர் உபயோகிப்பதில்லை, காகிதம்தான். ஒரே வாரத்தில் அடைத்துக்கொண்டது. தோட்டி வேலைக்கு ஆள் கிடைக்காமல் ராமதாஸ் அண்ணனே மூங்கில் கொம்பு எடுத்துக்கொண்டு வந்தார். “எழுத காகிதம் இல்லாம நம்ம பசங்க அலையுதுங்க, இவங்க அத கொண்டுபோய் எங்க போடறாங்க பாரு” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். அம்மா வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பிர்கிட் அம்மாள் திரும்பக் கும்பிட்டார்.

அடுத்தது மோட்டார். பத்து நிமிஷத்தில் அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டினார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு மூன்று பேரும் மலைமேல் ஏறப் போய்விட்டார்கள். டேங்க் நிரம்பி, மாடியிலிருந்து அருவி மாதிரி கொட்டி, பக்கத்து வீட்டு சக்கரவர்த்தி சார் கட்டிலில் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் எல்லாம் நனைந்துவிட்டது. அவர் எங்கள் கணக்கு சார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் தாளும் அதில் இருந்தது. இத்தனை கூத்தில் எனக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

ஜன்னலில் வாழைப்பழம் வைக்காதீர்கள், குரங்கு வரும் என்று சொன்னேன். குரங்கு பார்க்க வேண்டும் என்று லேனா வைத்தாள். வந்தது. ஊவேயின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவர் இன்னும் அதிகமாக இடித்துக்கொண்டார். ஏற்கெனவே ஒவ்வொரு வாசல்படியிலும் நெற்றி இடிக்கிறது. நிலைப்படியை உங்கள் உயரத்துக்கு அளவு சொல்லி வைத்தீர்களாம். அவர் உங்களைவிட ஒரு முழம் அதிகம்.

அப்புறம் நீங்கள் போன லீவில் வாங்கி, பெட்டி பிரிக்காமலே வைத்துவிட்டுப் போன கேஸ் அடுப்பு. அதில் இடது பக்கம் எரிவதே இல்லை. சாவியைத் திருப்பினால் உஸ் என்ற சத்தம்கூட வரவில்லை. கடைக்காரன் இரண்டு தடவை வந்து ஊதிப் பார்த்துவிட்டு, பார்ட்ஸ் வரணும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனான். பாவம், மூன்று பேருக்கும் ஒரே பக்கத்தில் சமைக்கிறார்கள். எங்கள் சிலிண்டரைத்தான் அங்கே மாட்டியிருக்கிறோம். நாங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இருமிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரைக்கும் எழுதியதெல்லாம் சும்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்துகொண்டு குரங்கையும் மோட்டாரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் வந்த மறுநாள் காலையில் அந்த வீட்டில் பால் பொங்கிவிட்டது.

மணியம்மாள்தான் பால் ஊற்ற வருகிறார். முதல் நாள் பாலை ஊற்றிவிட்டு, பாத்திரம் வாங்க மறுபடி உள்ளே போனவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். “அருணா, உன் வீட்ல வெள்ளைக்காரம்மா பால் பொங்க விட்டுட்டாங்க, அடுப்பெல்லாம் வழிஞ்சி கெடக்குது!” என்று அம்மாவிடம் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வேறு வீடாக இருந்தால் துணி எடுத்துத் துடைப்பார்கள். அவ்வளவுதான். நம் வீட்டில் அது முதல் பால். நீங்கள் காய்ச்ச வேண்டிய பால்.

அம்மா கோலமாவுத் தட்டோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பிர்கிட் அம்மாள் வந்து சாரி, சாரி என்றார். ஒரு டம்ளர் பாலுக்கா இப்படி அழுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள். “அவரு கையால பொங்கவேண்டிய பால பொங்க விட்ட கை விளங்குமா?” என்று.

அப்பா, அது என் கை.

பிர்கிட் அம்மாளுக்கு லைட்டர் அடிக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஓடிப்போய்க் காட்டினேன். இடது பக்கம் எரியவில்லை. வலது பக்கத்தைப் பற்றவைத்தேன். பாலை நான்தான் ஊற்றி நான்தான் வைத்தேன். லேனா அழுகிறாள் என்று அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். பால் ஏறி வந்தது. அணைத்திருக்கலாம். சாவிமேல்தான் கை இருந்தது. அணைக்கவில்லை. அந்தச் சமையலறையில் பால் பொங்கினால் எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். ஒரு நொடி பார்க்கலாம் என்று நின்றேன். அதற்குள் வழிந்துவிட்டது. பயந்து, அணைத்துவிட்டு, பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டேன். பழி அந்த அம்மாள் மேல் விழுந்தது. அவரும் எதையும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாரா, அல்லது அவருக்குப் புரியவே இல்லையா, தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எது கெட்டுப்போனாலும் அம்மா அந்தப் பாலைத்தான் சொல்கிறார்கள். செப்டிக் டேங்க், மோட்டார், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். உங்கள் கடிதம் வராததற்கும். அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சகாதேவன் அண்ணன் போன் பூத்துக்குப் போய், நீங்கள் வழக்கமாகப் பேசும் நேரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, “லைன் கிடைக்கலயாம்” என்று வருகிறார்கள். போன ஞாயிறு நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். போன் அடிக்கவே இல்லை.

இப்போது சித்தப்பாவுக்கு விஷயம் போய்விட்டது. நேற்று வந்து, “யாரோ வெள்ளைக்காரி கையால மொதப் பால் பொங்கியிருக்கு. இத இப்படியே விட்டா குடும்பத்துக்கு ஆகாது. அண்ணன் எப்ப வர்றது? தை முடியறதுக்குள்ள, வர்ற வெள்ளிக்கிழமை ஐயரக் கூட்டிக்கினு வரேன். கூடப்பொறந்தவன் நான், என் கையால முறையா காய்ச்சிடறேன்” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். தப்பு தன் பேரில் என்று நினைக்கிறார்கள். அவர் கையால் பால் காய்ச்சினால் அப்புறம் பீரோ வரும். பீரோ வந்தால் அவர்கள் போகமாட்டார்கள். நாம் பின்வீட்டிலேயே இருப்போம். நீங்கள் வந்தால் உங்கள் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளி.

பொங்க விட்டது நான்தான் என்று சொன்னால் சித்தப்பா வாய் அடைபடும். வீட்டுப் பெண்ணே காய்ச்சியாகிவிட்டது, இனி அவர் எதற்கு? ஆனால் அப்படிச் சொன்னால் உங்களுக்கென்று வைத்திருந்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்று ஆகிறது. ஆறு வருஷமாக நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியது அந்தப் பாலைப் பற்றித்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. தான் சபித்தது என் கையை என்று தெரிந்தால் என்ன ஆவார்கள்?

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கப் பத்து நாள் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. தெரிந்துதான் எழுதுகிறேன். யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. சொல்லலாமா அப்பா?

டார்ச் மங்குகிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பயந்துகொண்டிருக்கும் உங்கள் மகள்,
அறிவுமதி.


திருவண்ணாமலை,
10-2-2001, சனி இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

அறிவுமதி வணக்கம். போன கடிதம் உங்களுக்கு இன்னும் வந்திருக்காது. அது வந்த பிறகு இதைப் படியுங்கள். இது முன்னால் வந்துவிட்டால் எடுத்து வைத்துவிட்டு அதற்காகக் காத்திருங்கள்.

நேற்று சித்தப்பா வந்தார். பௌர்ணமி முடிந்து கிரிவலக் கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்ததால் கீழ்பென்னாத்தூர் பஸ் நகரவே இல்லையாம். ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். புதுப் பித்தளைப் பானை, மாவிலைத் தோரணம், சின்னம்மா, ஐயர் எல்லோரும் ஒரே ஆட்டோவில். பத்தரைக்கு ராகுகாலம் என்று ஐயர் இறங்கும்போதே பறந்தார்.

ஜெர்மனிக்காரர்களுக்கு ஏதோ விசேஷம் என்று மட்டும் புரிந்தது. பிர்கிட் அம்மாள் புடவை கட்டிக்கொண்டு வந்தார், முந்தானை எது கொசுவம் எது என்று தெரியாத மாதிரி. ஊவே தோரணத்தில் இடித்துக்கொண்டு அதை அறுத்துவிட்டார். “இதுங்கள மொதல்ல வெளிய அனுப்புங்க அண்ணி” என்று சித்தப்பா கத்தினார். அம்மா ஒரு மூலையில் நின்றிருந்தார்கள். அவர்கள் கையில் குத்துவிளக்கைக் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்றுகூடச் சின்னம்மாதான் சொன்னார். அம்மா தன் வீட்டில் அடுத்த வீட்டுக்காரி மாதிரி நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது. எல்லோர் மேலும் வந்தது. உங்கள் மேலும்தான் அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கிட்டே வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். நகரு என்றார். நகரவில்லை. பால் பொங்கவிட்டது நான்தான், வெள்ளைக்காரம்மா இல்லை, என் கைதான் என்றேன். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

சித்தப்பா சிரித்தார். “சின்னப் பொண்ணு வெளையாட்டா காப்பி போட்டது சேர்த்தியா ஐயரே?” என்று கேட்டார். ஐயர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, என்றைக்கு என்றார். தை மாசம் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்கு முன்னால் என்றேன். எந்தப் பக்கம் வழிந்தது என்றார்.

அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குக்கூட எழுதவில்லை. சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயம். கிழக்கே வழிந்தால் நல்லது, மேற்கே வழிந்தால் ஆகாது என்று நீங்கள்தான் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அது கிழக்கேதான் வழிந்தது அப்பா. நான் நின்று பார்த்ததே அதைத்தான்.

யார் நம்புவார்கள் என்று சின்னம்மா கேட்டார். அப்போதுதான் அம்மா மூலையிலிருந்து வந்தார்கள். அடுப்பை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினார்கள். கீழே கடப்பைக் கல்லில், கிழக்குச் சுவர் வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு. மூன்று வாரமாகச் சபீனா பவுடர் போட்டுத் தேய்த்தும் போகாமல் அம்மா திட்டிக்கொண்டிருந்த கறை அது. மணியம்மாளும் வாசலில் நின்றுகொண்டு, “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, கெழக்கால வழிஞ்சி கெடந்துச்சின்னு” என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. இருக்கட்டும்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். “வீட்டுப் பொண்ணு கையால, தை வெள்ளில, கிழக்கால பொங்கியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? இப்போ காய்ச்சினா அது காப்பிக்குத்தான் ஆகும்” என்றார். சித்தப்பா முகம் சுருங்கிப்போயிற்று. அம்மா நிமிர்ந்து, “தம்பி, காப்பி சாப்ட்டுட்டுதான் போகணும்” என்றார்கள். அவர் சாப்பிடவில்லை. சின்னம்மா பானையையும் எடுத்துக்கொண்டு, அறுந்துபோன மாவிலையையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு போனார்.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, எந்தக் கை என்று கேட்டார்கள். வலது கையை நீட்டினேன். சூடு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, “அன்னைக்கு வாய் தவறி சொன்னத திரும்ப எடுத்துக்கறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்” என்றார்கள். அந்தக் கறைமேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்கள். பிர்கிட் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் இங்கே சமைக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டார். நாற்பத்திரண்டு மார்க்கில் அதற்குப் பதில் இல்லை. சமையுங்கள், ஆனால் துடைக்காதீர்கள் என்றேன்.

இன்று ராத்திரி பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். டார்ச் எரியவில்லை. அம்மா படுத்த இடத்திலிருந்தே, “லைட்டப் போட்டு எழுது. பேட்டரிதான் தீந்துபோச்சே” என்றார்கள். அன்றைக்கு எழுதினதும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “ஞாயித்துக்கெழம பூத்துல இருப்பேன்னு எழுது” என்றார்கள். அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

கடிதம் போடாததற்கு நீங்கள் ஒன்றும் காரணம் சொல்ல வேண்டாம் அப்பா. யாரும் கேட்கமாட்டோம். நான் உங்கள் பாலை எடுத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். இன்று சாயங்காலம் கேஸ் கடைக்காரன் பார்ட்ஸ் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், எங்கள் அப்பா மெக்கானிக், அவர் வந்து பார்த்துக்கொள்வார் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பார்ட்ஸை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். வலது பக்கம்தான் நான் பற்றவைத்தது. இடது பக்கம் இன்னும் யாரும் பற்றவைக்காமல் புதிதாகவே இருக்கிறது. லேனாவைக்கூட அந்தப் பக்கத்துச் சாவியைத் தொட விடுவதில்லை.

அண்ணாமலையார் உங்களுக்குத் துணை இருக்கட்டும். வாங்கப்பா.

உங்கள் மகள்,
அறிவுமதி.